பிசையாத சோறு

ஆந்திர எல்லையை ஒட்டிய அந்த ஆசிரமத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது சீடர் அம்பலவாணனின் வேலை. பேச்சில் துளி கலப்படம் இருந்தாலும் அவருக்கு ஆகாது.

ஒரு நாள் பந்திக்குச் சற்று முன்பு ரவணம்மா தன் இரண்டு பிள்ளைகளோடு குருவிடம் வந்து நின்றாள்.

“வீட்ல தெலுங்கு பேசக் கூடாதுன்னு உங்க சிஷ்யர் சொல்லிட்டாரு, சாமி. எனக்குத் தமிழ் அரைகுறை. அதனால பையன்கிட்ட பேச்சையே நிறுத்திட்டேன். அவன் பேசுற நாலு வார்த்தையும் இப்போ குறைஞ்சு போச்சு.”

குரு சீடரைப் பார்த்தார்.

“சீனுவுக்கு நாலு வயது, சுவாமி. இன்னும் கோவையாகப் பேச வரவில்லை. வருகிற பேச்சிலும் பாதி தமிழ், பாதி தெலுங்கு. அந்தக் கலப்புதான் நோய்.”

“இவன் அக்கா?”

அக்கா சுகுணா, தங்கள் வீட்டு நாய் குட்டி போட்ட கதையை இரண்டு மொழியிலும் மாற்றி மாற்றி, மூச்சு விடாமல் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அவளும் கலந்துதான் பேசுகிறாள். ஆனால் அவள் கெட்டிக்காரி.”

“அப்படியா” என்றார் குரு. “இலை போடுங்கள்.”

எல்லோருக்கும் சோறு விழுந்தது. அம்பலவாணன் இலைக்குக் குழம்பு வந்தபோது குரு தடுத்தார்.

“நீ பிசையக் கூடாது. முதலில் சோறு. அது முடிந்த பிறகு குழம்பு.”

சீடர் வெறுஞ்சோற்றை விழுங்கினார்.

“இந்த சாமி என்ன தப்பு பண்ணாரு?” என்று சுகுணா கேட்டாள்.

“ஒன்றுமில்லை. கலப்படம் இல்லாமல் சாப்பிடுகிறார்.”

அடுத்த கவளம் தொண்டையை அடைத்தது. அம்பலவாணனுக்கு விக்கல் எடுத்தது. பக்கத்து இலையிலிருந்த சீனு தன் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினான்.

“சாமி… நீள்ளு குடி.”

ரவணம்மா பயந்துபோய்ச் சீடரைப் பார்த்தாள். அவர் வாங்கிக் குடித்தார். விக்கல் நின்றது.

பந்தி முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் சீனுவின் இலையில் பாதிச் சோறு இருந்தது. குழம்பில் பிசைந்ததைப் பருக்கை பருக்கையாகத் தின்றுகொண்டிருந்தான்.

“இவன் எப்படிச் சாப்பிடுகிறான்?” என்றார் குரு.

“மெதுவாக, சுவாமி.”

“அக்கா?”

“அவள் அப்போதே மோர் குடித்துவிட்டு ஓடிவிட்டாள்.”

“அவளும் பிசைந்துதானே சாப்பிட்டாள்?”

“ஆமாம்.”

“சரி. இவனுக்கு என்ன செய்யலாம்?”

“பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாக ஊட்டலாம்.”

“குழம்பை நிறுத்திவிட்டா?”

ரவணம்மா மகன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கவளம் உருட்டினாள்.

“தினு, கண்ணா.”

சீனு வாயைத் திறந்தான். அம்பலவாணன் குழம்பு வாளியை எடுத்து வந்து அவன் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.