ஏழு பற்களுக்கு ஒரு கிண்ணம் மீ

சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே நடைப்பயிற்சிக் கழகம் ஒன்று இருந்தது. தலைவர் ஐயாக்கண்ணு, செயலாளர் மாசிலாமணி, பொருளாளர் குஞ்சிதபாதம். உறுப்பினர் யாரும் கிடையாது. மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்ததாம். அது எங்கோ விழுந்துவிட்டது, அதைத் தேடத்தான் தினமும் நடக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு.

ஐயாக்கண்ணுவின் வாயில் மிச்சமிருந்தவை ஏழு பற்கள். ஏழையும் மறுநாள் காலை பிடுங்கப் போகிறார்கள். அதற்குள் உணவங்காடியில் ஒரு சீனப் பெண்மணி கையால் பிசைந்து, இழுத்து, நெத்திலிச் சாற்றில் போட்டுத் தரும் மீ என்னும் நூடுல்ஸை ஒரு தடவை சொந்தப் பல்லால் கடித்துவிட வேண்டும். உலகத்திடம் அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

அவர் மனைவி தங்கபுஷ்பத்துக்குக் கால்வலி. கூட வர முடியாததால் புத்தி சொல்லி அனுப்பினாள்.

"நல்லாக் கேட்டுக்குங்க. போனதும் இடம் பிடிக்க ஒரு மேசையில டிஷ்யூ பாக்கெட்டை வைங்க. டிஷ்யூ இருக்கிற மேசையில யாரும் உட்காரக் கூடாது, அது இந்த ஊரு வழக்கம். ஒருத்தர் போயி வரிசையில கடைசியா நில்லுங்க, நடுவுல பூந்தீங்கன்னா சண்டைக்கு வருவாங்க. மாவு தீர்ந்தாக் கடையை மூடிருவா."

மூவரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

பதினொரு மணிக்கு மாசிலாமணி ஒரு மேசையில் டிஷ்யூவை வைத்துவிட்டு ஆறடி தள்ளி நின்றுகொண்டார். குஞ்சிதபாதம் வரிசையில் கடைசியாக நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். உடனே அவர் விலகிப் போய் அவளுக்குப் பின்னால் நின்றார். ஒரு மாணவன் வந்தான். அவனுக்கும் பின்னால் போனார்.

மதியக் கூட்டம் ஆறாக வந்தது. குஞ்சிதபாதம் கரையைப் போல் ஒதுங்கிக்கொண்டே இருந்தார்.

ஐயாக்கண்ணு தாடையை அசைத்துப் பழகியபடி வந்து கேட்டார்: "என்னய்யா, காலையில நின்ன இடத்துலயே நிக்கிற?"

"கடைசி இடத்தை விடாமப் பிடிச்சு வச்சிருக்கேன் தலைவரே. நாலு பேரு பறிக்கப் பார்த்தாங்க."

"கெட்டிக்காரன்," என்றார் தலைவர்.

இரண்டு மணிக்குப் பின்னால் வர ஆளில்லாமல் போனதால், வேறு வழியின்றி குஞ்சிதபாதம் முன்னால் வந்து சேர்ந்தார். அன்றைய மாவில் கடைசி உருண்டை அவருக்குக் கிடைத்தது. ஒரே ஒரு கிண்ணம். ஆவி பறக்க அதை மேசைக்குக் கொண்டுவந்தார்.

மேசையில் டிஷ்யூ இருந்தது.

"உட்காரக் கூடாது," என்று கை நீட்டித் தடுத்தார் மாசிலாமணி.

"நாமதானேய்யா வச்சோம்?" என்றார் ஐயாக்கண்ணு.

"வச்சது நாமதான். உங்க வீட்டுக்காரம்மா என்ன சொன்னாங்க? யாரும் உட்காரக் கூடாதுன்னாங்க. உங்களைத் தவிரன்னு சொன்னாங்களா?"

ஐயாக்கண்ணு யோசித்தார். "சொல்லல."

"டிஷ்யூவை எடுத்துட்டா?" என்றார் குஞ்சிதபாதம்.

"எடுத்துட்டா இது நாம இடம் பிடிக்காத மேசை. பிடிக்காத மேசையில எந்த உரிமையில உட்காருவ?"

சுற்றிலும் முப்பது மேசைகள் காலியாகிவிட்டிருந்தன. அவற்றில் டிஷ்யூ இல்லை; ஆகவே அங்கும் உரிமை இல்லை.

"நின்னுக்கிட்டே சாப்பிட்டா?"

"குதிரைதான் நின்னுக்கிட்டுத் திங்கும். நீங்க கழகத்தோட தலைவர்."

முக்கால் மணி நேரம் வாதம் நடந்தது. அதற்குள் மீ சாறு முழுவதையும் குடித்து, மழையில் நனைந்த கயிறு போல் ஊதிக் கிடந்தது. கிண்ணத்தைப் பிடித்திருந்த குஞ்சிதபாதத்துக்குக் கை கடுத்தது. எச்சில் பாத்திரம் வைக்கும் அடுக்கில் சற்று இறக்கிவைத்தார்.

துப்புரவுக்கார அம்மா வந்தார். கிண்ணத்தைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தார். மேசைகளைத் துடைத்தார். டிஷ்யூ இருந்த மேசையை மட்டும் தொடவில்லை. அவருக்கும் ஊர் வழக்கம் தெரியும்.

ஐயாக்கண்ணு தொட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கடையில் விளக்கை அணைத்தார்கள்.

"நாளைக்குப் பல்லு இருக்காதேப்பா," என்றார்.

மாசிலாமணி அவர் தோளில் கை வைத்தார். "வாயிலதான் இருக்காது தலைவரே. பல்லு எங்க போயிரும்?"

மறுநாள் பல் மருத்துவரிடமிருந்து மூவரும் நேராக உணவங்காடிக்கு வந்தார்கள். கூட்டம் சேரவில்லை, கடைசியில் நின்ற குஞ்சிதபாதமே முதல் ஆளாகவும் இருந்தார். டிஷ்யூ வைத்த மேசையிலேயே கிண்ணத்தை வைத்தார்கள். பற்கள் உட்காரப் போவதில்லை என்பதால் சட்டச் சிக்கல் எழவில்லை.

ஐயாக்கண்ணு வாயில் பஞ்சோடு, மருத்துவர் கொடுத்த சிறு பையைப் பிரித்து, ஏழு பற்களையும் கிண்ணத்தில் ஒவ்வொன்றாகப் போட்டார். மூவரும் கைகட்டிச் சுற்றி நின்றார்கள்.

கடைக்காரப் பெண்மணி எட்டிப் பார்த்தாள். "என்ன இது? யாரும் சாப்பிடலையா?"

"சத்தம் போடாதீங்கம்மா," என்றார் மாசிலாமணி. "இப்பத்தான் மெல்ல ஆரம்பிச்சிருக்கு."

கால் மணி நேரம் சென்றது. ஐயாக்கண்ணு வயிற்றைத் தடவி நீளமாக ஓர் ஏப்பம் விட்டார்.