எழுபத்திரண்டு பழைய டியூப்

"ஆமா, என் ரூம்லதான் வச்சிருக்கேன். எழுபத்திரண்டு டியூப் லைட்டும் என் பாய் மேல படுத்திருக்கு. நான் வராந்தாவுல படுத்துக்கறேன். உங்களுக்கு என்ன நோவுது?"

போன்ல அந்தப் பக்கம் மடத்து மேனேஜர். பரிமளம் அவரைப் பேசவிட்டாத்தானே!

"மண்டபத்துக்குப் புது லைட்டு பாக்கச் சொன்னீங்க. நாலு மாசம் அலைஞ்சு, பாதரசம் இருக்கறதுலயே கம்மியானதா, ரொம்ப வருஷம் எரியறதாப் பாத்து எடுத்தேன். பசுமைக் கட்டடம்னு பட்டயம் குடுக்கறாங்களா, வாங்கி மாட்டிக்கோங்க. கழட்டின பழசைக் காயலாங்கடைக்கு மட்டும் தர மாட்டேன்!"

போனை வச்சுட்டுத் திரும்பினா, வாசல்ல மடத்தோட குரு, சாமி. அவளைவிடப் பத்து வயசு சின்னவர். அவ அம்பதைத் தாண்டி வந்து சேர்ந்த சிஷ்யை.

"ஏம்மா தர மாட்டீங்க?"

"ரெண்டு முனையில இருக்கற அலுமினியத்துக்காக உடைப்பாங்க சாமி. உள்ள இருக்கற பாதரசம் மூச்சுல ஏறும். எங்க அண்ணன் அந்த வேலைதான் பாத்துச்சு."

"இப்ப?"

"கை நடுங்குது. அம்மா போனப்புறம் எனக்குத் தலை பின்னிவிட்ட கை. இப்போ சோத்தை வாய்க்குக் கொண்டு போறதுக்குள்ள பாதி மடியில." அவ குரல் இறங்குச்சு. "இந்த மண்டபத்துல அண்ணனை ஒரே ஒரு தடவை பக்கத்துல உக்கார வச்சுக்கணும்னு ரெண்டு வருஷமா ஏங்கறேன். நாலு பேர் முன்னாடி கை ஆடும்னு வர மாட்டேங்குது."

சாமி ஒரு டியூபைக் கையில எடுத்தார்.

"எந்தக் கடையிலம்மா?"

"ரயில்வே கேட்டாண்ட."

டியூபை மெதுவாப் பாய்லயே வச்சார்.

"நான் இங்க சிஷ்யனா இருந்தப்ப, எரியாத டியூபையெல்லாம் சைக்கிள்ல கட்டி அந்தக் கடைக்குத்தான் கொண்டு போவேன். ஒன்பது வருஷம். வாசல்ல இறக்கிட்டுத் திரும்பிடுவேன். உள்ள யாரு உடைக்கறாங்கன்னு எட்டிப் பாத்ததில்ல."

பரிமளம் அந்த டியூபை மத்ததோட சேத்து நேரா அடுக்கினா.

"நான் இப்ப என்ன செய்யணும் சாமி?"

"நாளைக்குத் திறப்பு விழா. உங்க அண்ணனை நானே போய்க் கூப்பிடறேன். வந்தாருன்னா முன் வரிசையில உக்கார வைங்க. வரலைன்னாலும் நீங்க எழுந்து நில்லுங்க. பட்டயம் வாங்க நான் கை நீட்டறப்ப, 'இத்தனை வருஷம் பழசையெல்லாம் யாரு தலையில போட்டீங்க?'ன்னு சத்தமாக் கேளுங்க. அத்தனை பேர் முன்னாடி நான் பதில் சொல்லணும்."