நடுவில் போகாத கீரி

ஒரு கோடையில், குளமெல்லாம் வற்றி ஒரே ஒரு பள்ளத்தில் மட்டும் தண்ணீர் கிடந்த முள்காட்டில் ஒரு கீரி இருந்தது. பெயர் இசக்கி. கீரிக்கு எதற்குப் பெயர் என்று கேட்காதீர்கள். வாய்த்துடுக்கு உள்ளவர்களுக்குப் பெயர் தேவைப்படும், திட்டுவதற்காவது.

அந்தப் பள்ளத்துக்கு உரிமை கொண்டாட இரண்டு கூட்டம். கிழக்கே காட்டுப்பன்றிகள். மேற்கே எருமை, வெள்ளாடு, உடும்பு, கீரி என்று கலந்துகட்டிய ஒரு கூட்டம். சண்டை போட்டுச் செத்தால் தண்ணீரை யார் குடிப்பது என்று யோசித்து, இரண்டு பக்கமும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருந்தார்கள். கோடை பிறந்ததும் ஒரு சடுகுடு ஆட்டம். ஜெயித்த கூட்டம் அந்தக் கோடை முழுக்க முதலில் குடிக்கும். தோற்ற கூட்டம் பிறகு குடிக்கும்.

அந்தப் 'பிறகு' எப்படிப்பட்டது என்பது பன்றிகள் ஜெயித்த வருஷம்தான் தெரிந்தது. பன்றி குடித்துவிட்டுச் சும்மா போகுமா? இறங்கிப் புரளும். அது எழுந்து போன பின் பள்ளத்தில் மிஞ்சுவது தண்ணீர் இல்லை, குழம்பு. போன கோடையில் அந்தக் குழம்பைக் குடித்து, வடிவு என்ற வெள்ளாட்டின் குட்டிகளில் இரண்டு வயிறு கழிந்தே செத்துப்போயின. ஒரு குட்டி மிச்சம். இந்த வருஷமும் தோற்றால் அதுவும் தங்காது. ஆட்டத்தில் பந்தயமாக இருந்தது அந்தக் குட்டியின் உயிர்தான்.

மேற்குக் கூட்டத்துக்கு முன்பெல்லாம் பாடிப்போனவர் மாசானம் என்ற எருமை. பாடிப்போவது என்றால், மூச்சு விடாமல் 'சடுகுடு சடுகுடு' என்று சொல்லிக்கொண்டே எதிரியின் களத்துக்குள் போய், ஆளைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்புவது. எல்லாரும் தொட்டுவிட்டு ஓடி வருவார்கள். மாசானம் ஓடமாட்டார். நேரே நடுவில் போய் நிற்பார். "வாங்கலே, பிடிங்கலே" என்பார். ஏழெட்டுப் பன்றிகள் காலிலும் கழுத்திலும் தொங்கும். அத்தனையையும் இழுத்துக்கொண்டு, மூச்சு அறாமல், கோட்டைத் தாண்டி வந்து நிற்பார். தொங்கின பன்றி எல்லாம் அவுட். சும்மா சொல்லக் கூடாது, பார்க்கக் கண் கோடி வேண்டும்.

முழங்கால் போன பிறகு அவர் களத்துக்குப் பின்னால் நின்று சொல்லுக் கொடுப்பவர் ஆனார். பாடிப்போகிறவர் எந்தப் பக்கம் போக வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று அவர் தரையை ஒரு மிதி மிதித்துச் சொல்லுவார். சொன்னது சொன்னதுதான். அந்தக் கூட்டத்தில் சொல்லை மீறிப் பாடிப்போனவர் அதுவரை யாருமில்லை.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், மாசானத்தைப் பார்த்துப் பார்த்து அந்தக் கூட்டத்துக்கே ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. ஒருத்தர் பாடிவிட்டு வந்தால், எத்தனை பேரைத் தொட்டாய் என்று யாரும் கேட்பதில்லை. "எத்தனை தொங்கல்?" என்றுதான் கேட்பார்கள். உடம்பில் எத்தனை பேர் தொங்கினார்களோ அத்தனை பெருமை. தொங்கவிட்டு அவுட் ஆகி, காலை நொண்டிக்கொண்டு வந்தால்கூடக் கைதட்டு உண்டு. கேட்டீர்களா கதையை!

இசக்கி முதல் முதலாக ஒத்திகைக்கு வந்த அன்று, சடுகுடு என்று ஆரம்பித்த சத்தம் அடங்குவதற்குள் உடும்பைத் தொட்டு, வடிவைத் தொட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து முதுகைச் சொறிந்துகொண்டிருந்தாள். ஒருத்தரும் தட்டவில்லை.

"இதென்னட்டி, களவாணித்தனமா இருக்கு?" என்றது உடும்பு.

"ஒரு தொங்கல்கூட இல்லையே," என்று வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாசானம் மட்டும் பொறுமையாகச் சொன்னார். "பிள்ளைக்கு வேகம் இருக்கு. வேகத்தை வச்சு என்ன செய்ய? உடம்பு வேணும். நான் தேத்துதேன்."

தேற்றினார். எப்படி என்கிறீர்கள்? பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கொடுத்து. கீரிக்குப் புண்ணாக்கு! அட பாவி மனுஷா என்று சொல்லலாம், ஆனால் அவர் எருமை. கெட்ட எண்ணம் கடுகளவும் கிடையாது. தனக்கு எது பலம் தந்ததோ அதைத்தானே ஊட்டினார். இசக்கி தின்றாள், வாந்தி எடுத்தாள், மறுபடி தின்றாள். பெரியவர் மனசு நோகக் கூடாது என்று பார்த்தாள். அது ஒன்றுதான் அவள் செய்த தப்பு.

ஆட்ட நாள் வந்தது. நடுவர் ஆமை. கோட்டருகே கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

மாசானம் தரையை மிதித்தார். "இசக்கி! நடுவுல போ. பிடிக்க விடு. இழு!"

இசக்கி நடுவில் போனாள். பிடிக்க விட்டாள். நாலு பன்றிகள் மேலே விழுந்தன. இழுப்பதாவது! அவள் எங்கே இருக்கிறாள் என்பதே தெரியவில்லை. பன்றிகள் எழுந்த பின், மண்ணில் பதிந்து கிடந்தாள். அவுட்.

"நாலு தொங்கல்!" என்று மேற்குக் கூட்டம் தட்டியது, பாருங்கள், அப்படித் தட்டியது.

பாடிவந்த பன்றி ஒன்றை வடிவு காலை முட்டிக் கவிழ்த்தாள். எதிரியில் ஒருத்தரை வீழ்த்தினால் நம்மில் ஒருத்தர் உள்ளே வரலாம் என்பது சடுகுடு வழக்கம். இசக்கி மறுபடி வந்தாள். மறுபடி அதே மிதி, அதே சொல். நடுவுல போ, பிடிக்க விடு, இழு. இந்தத் தடவை விலாவில் ஏதோ கடக் என்றது. பன்றிகளின் தலைவன் தவிடன் அவள் மேலிருந்து எழும்போது, "ஒங்க எருமை நல்லா இருக்கணும்ட்டி. எங்களுக்கு ஓடுத வேலையே மிச்சம்," என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் அவளுக்குச் சுட்டது. விலா வலிகூட அப்படிச் சுடவில்லை. வெளியே உட்கார்ந்து பன்றிகளின் களத்தைப் பார்த்தாள். எல்லாப் பன்றியும் நடுவிலேயே குவிந்து நின்றது. ஓரத்தில் காவல் இல்லை. மாசானத்தின் சொல் அவர்களுக்கும் மனப்பாடம். எந்தக் கூட்டத்துக்காக அவர் சொல்லுக் கொடுக்கிறார் என்றே சந்தேகம் வந்துவிட்டது அவளுக்கு.

கடைசியாகப் பாடிப்போகும் முறை மேற்குக்கு வந்தது. பன்றிகள் ஒரு ஆள் முன்னிலை. ஒருத்தரைத் தொட்டால் சமம், இரண்டு பேரைத் தொட்டால் வெற்றி, பிடிபட்டால் குழம்பு. உடும்பு ஒரு பன்றியின் காலைக் கவ்வி வீழ்த்திய புண்ணியத்தில் இசக்கி உள்ளே வந்து கோட்டில் நின்றாள்.

மாசானம் தரையை மிதித்தார். "நடுவுல போ. பிடிக்க விடு. இழு!"

இசக்கி நகரவில்லை.

"காது கேக்கலையாட்டி?"

"கேட்டுச்சு அண்ணாச்சி. போகமாட்டேன்."

ஆமை கழுத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"என்ன சொன்ன?" என்றார் மாசானம். "நான் எத்தனை ஆட்டம் ஜெயிச்சுக் குடுத்திருக்கேன் தெரியுமா? இதே சொல்லுதான். இதே நடுதான்."

"தெரியும். நீங்க இழுத்ததை நான் கண்ணால பாத்திருக்கேன். உங்களை மாதிரி இழுக்க இன்னொருத்தர் பிறக்கணும். ஆனா நான் அந்தப் பிறவி இல்லை அண்ணாச்சி. என்னைப் பாருங்க. ஒரு பன்னியோட காது அளவு இருக்கேன். அவனுவ நாலு பேரை நான் இழுக்கவா? அவனுவ கண்ணை மூடித் திறக்குததுக்குள்ள தொட்டுட்டு வரச்சொல்லுங்க, வாரேன்."

"ஓடுதது கோழைத்தனம்."

"யாருக்கு? நீங்க ஓடினா கோழைத்தனம். உங்களால நிக்க முடியும். நான் ஓடாம நின்னா அதுதான் கோழைத்தனம். உங்க கோவத்துக்குப் பயந்துதான் ரெண்டு தடவை நடுவுல போய்ப் படுத்தேன். விலா எலும்பு போச்சு. கைதட்டு கிடைச்சுது. தண்ணி கிடைச்சுதா?"

"சொன்னபடி போறதுன்னா போ. இல்லேன்னா கோட்டை விட்டு வெளிய வா. உடும்பை அனுப்புதேன்."

உடும்பு அவசரமாக ஒரு முள்செடியின் பின்னால் போனது.

"வெளிய வரமாட்டேன்," என்றாள் இசக்கி. "பிடிபடவும் மாட்டேன். ஓரத்துல போன்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க. சொல்ல வாய் வரலேன்னா சும்மாவாவது இருங்க."

மாசானத்துக்குச் சொல்ல வாய் வரவில்லை. பாவம், அந்தச் சொல் அவர் வாயில் ஒரு நாளும் இருந்ததில்லை. காலைத் தூக்கினார். மிதிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. ஆமை, "நேரம் போகுதுப்பா," என்றார்.

அப்போது வடிவு கத்தினாள். தொங்கல் இல்லையே என்று முகத்தைத் திருப்பினாளே, அதே வடிவு. அவள் பார்வை களத்துக்கு வெளியே, வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டுப் படுத்திருந்த தன் குட்டி மேல் இருந்தது.

"ஏட்டி இசக்கி! ஓரமா ஓடு தாயி! ஒருத்தன் கையும் உன் மேல படக் கூடாது. ஓடு!"

சொல்லுக் கொடுக்கிறவர் இருக்கும்போது இன்னொருத்தர் சொல்லுக் கொடுத்தது அந்தக் காட்டில் அதுதான் முதல் தடவை. இசக்கிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஓடினாள்.

நடுவில் குவிந்து நின்ற பன்றிகள் வழக்கம்போல அவள் வந்து விழுவாள் என்று வாயைப் பிளந்து காத்திருந்தன. அவள் இடது ஓரக்கோட்டில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய், கடைசியில் நின்ற பன்றியின் வாலை ஒரு தட்டுத் தட்டினாள். "பிடிலே! ஓரத்துல பிடி!" என்று தவிடன் அலறினான். எல்லாம் ஒரே நேரத்தில் இடது பக்கம் திரும்பின. பன்றி திரும்ப நேரமாகும். அதுவும் கூட்டமாகத் திரும்பினால் ஒன்றின் மூக்கு இன்னொன்றின் விலாவில்தான் போய் நிற்கும். அந்த முட்டல் மோதலுக்கு நடுவே, அவள் அவர்கள் கால்களுக்கு அடியில் புகுந்து வலது பக்கம் வந்தாள். போகிற போக்கில் தவிடனின் மூக்கிலேயே ஒன்று வைத்தாள். அந்தத் தொடுகை ஆட்டத்துக்குத் தேவைதான். ஆனால் கொஞ்சம் ஓங்கியே வைத்தாள்.

சடுகுடு சடுகுடு என்று சொல்லிக்கொண்டே கோட்டைத் தாண்டி வந்து நின்றாள். மூச்சு மிச்சம் இருந்தது. இன்னும் நாலு தடவை வேண்டுமென்றே சடுகுடு சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினாள்.

"ரெண்டு பேர் அவுட். மேற்கு ஜெயிச்சாச்சு," என்றார் ஆமை.

கைதட்டு எழவில்லை. எதற்குத் தட்டுவது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. ஒருத்தரும் தொங்கவில்லையே! வடிவு மட்டும் யாரையும் பார்க்காமல் குட்டியை முட்டி எழுப்பி, பள்ளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தண்ணீர் அடித்தரை தெரிகிற அளவுக்குத் தெளிவாகக் கிடந்தது. குட்டி முன்னங்காலை மடக்கிக் குடித்தது. அதன் தொண்டை ஏறி இறங்குவதை எல்லாரும் நின்று பார்த்தார்கள். பிறகு மெல்ல மெல்ல, ஒவ்வொருவராகத் தட்டத் தொடங்கினார்கள்.

மாசானம் நொண்டிக்கொண்டு இசக்கியிடம் வந்தார். முகம் கறுத்திருந்தது. அதாவது, வழக்கத்தை விட.

"ஜெயிச்சது சரி," என்றார். "ஆனா நாளைக்கு வார பிள்ளைகள் எல்லாம் ஓட ஆரம்பிச்சுட்டா, இழுக்கதுக்கு யாரு இருப்பா? என் சொல்லுக்கு என்ன மரியாதை?"

இசக்கி விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அப்படி நின்றும் அவர் முழங்காலுக்குத்தான் வந்தாள்.

"எருமைக் கன்னு ஒண்ணு வரட்டும் அண்ணாச்சி. நடுவுல போ, இழுன்னு சொல்லுங்க, நானும் கூட நின்னு கத்துதேன். ஆனா காலைத் தூக்கி மிதிக்கதுக்கு முன்னால, கோட்டுல நிக்கது யாருன்னு ஒரு தடவை குனிஞ்சு பாத்துக்கிடுங்க."