வாய்ப்பூட்டு போட்ட விருந்தாளி

மலையடிவாரத்து மடத்துக்கு ஜமீன் வேட்டைக்காரன் ஒரு நாயைக் கொண்டுவந்தான். ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், வாயில் தோல் பூட்டு. கால் ஒடிந்து கூடியதில் இனி ஓட்டத்துக்கு ஆகாதாம். மடம் வைத்துக்கொள்ளாவிட்டால் சுட்டுவிடச் சொல்லி உத்தரவு. பதிலுக்காக வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மடத்துத் தலைவி மரகதம்மை தன் சீடரைப் பார்த்தார். "மாயழகரே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

மாயழகர் வயதில் அம்மைக்கு மூத்தவர். கோட்டைக் காவலராக இருந்து, வருகிறவன் போகிறவன் மூட்டையை எல்லாம் உதறிப் பார்த்தே தலை நரைத்தவர். விறகுக் கொட்டகையில் மடத்து நாய் குட்டி போட்டிருந்தது. கஞ்சி ஊற்றுகிற அவரைத் தவிர யாரையும் அது கிட்டே அண்டவிடாது.

"சாதுவென்றால் வாய்ப்பூட்டு எதற்கு?" என்றார்.

துரத்துகிற வேகத்தில் பக்கத்தில் ஓடும் நாயைக் கவ்விவிடக் கூடாதே என்று போடுவதுதான் என்றான் வேட்டைக்காரன். மற்றபடி கூட்டத்தோடு பிறந்து, ஒரே தொட்டியில் தின்று வளர்ந்தது. நாய்களைக் கண்டால் அதற்கு உயிர். தனியே விட்டால்தான் ஏங்கிப்போகும்.

"தள்ளிவிட வந்தவன் வேறு என்ன சொல்வான்" என்று முணுமுணுத்த மாயழகர், நாயை மூலைத் தூணில் கட்டினார்.

அது ஊளையிட்டது. குட்டி வாசனை பட்டு வெறி ஏறுகிறது என்றார். வாலை ஆட்டியது. கோட்டை வாசலில் இப்படிக் குழைந்துகொண்டு வந்த எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்றார்.

அம்மை எழுந்தார். போய்க் கயிற்றை அவிழ்த்தார். வாய்ப்பூட்டையும் கழற்றினார்.

மாயழகர் ஒரு தடியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

வேட்டைநாய் நேராகக் கொட்டகைக்குள் நுழைந்தது. தாய்நாய் எழுந்தது. இரண்டும் மோந்துகொண்டன. பிறகு வந்த நாய் அப்படியே நீட்டிப் படுத்தது. குட்டிகள் தட்டுத்தடுமாறி அதன் வயிற்றில் ஏறின. ஒன்று காதைக் கவ்வி இழுத்தது. அது கண்ணை மூடிக்கொண்டது.

"நடிக்கிறது, தாயே." குட்டிகளுக்கு மேலே ஓங்கிய தடியை மாயழகர் இறக்கவில்லை.

தாய்நாய் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு குட்டிகளை விட்டுவிட்டு, முற்றத்துத் தொட்டிக்குத் தண்ணீர் குடிக்கப் போனது.

குடித்துத் திரும்பியதும் கொட்டகை வாசலில் நின்றது. பல்லைக் காட்டி உறுமியது.

மாயழகரின் முகம் தெளிந்தது. "பாருங்கள் தாயே. இப்போது அதற்கும் சந்தேகம் வந்துவிட்டது."

"ஆமாம்" என்றார் அம்மை. "நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்."