ஈர நெல்

மலையடிவாரத்து மடம் ஒன்றில் நெல் நிறுக்கும் தராசு தொங்கியது. எவ்வளவு பழையது என்றால், அந்த மலையையே அதில் நிறுத்துத்தான் அங்கே இறக்கினார்களாம். நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். மலை அங்கேயேதான் இருக்கிறது.

உழவு மாதத்தில் மடத்துக்கு ஒரு வழக்கம். சாப்பாட்டு நெல்லைக் கொண்டுவந்தால் எடைக்கு எடை விதைநெல் கொடுப்பார்கள். நெல்லில் ஈரம் இருந்தால் அந்த வருஷம் விதை கிடையாது.

நிறுப்பவர் சீடர் குப்பாண்டி. குருவைவிட மூத்தவர். நெல்லைப் பல்லில் வைத்துக் கடிப்பார். காய்ந்த நெல் டக்கென்று உடையும். ஊரார் நெல்லைக் கடித்தே பாதிப் பல் போய்விட்டது. மீதிப் பல்லுக்கும் அலுத்துவிட்டது.

அன்றைக்குக் காலையில் ஒரு மூட்டையில் பதர். அடுத்ததில் மணல். பிறகு வந்த வெள்ளையம்மாவின் நெல் பல்லில் நசுங்கியது.

"தண்ணி தெளிச்சிருக்கே."

"பனிங்க சாமி."

"பனி உன் மூட்டைக்குள்ள மட்டும் பெய்ஞ்சுதோ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உழுது போட்டாச்சு சாமி. விதை இல்லேன்னா நிலம் சும்மா கிடக்கும். பிள்ளைங்க..."

குப்பாண்டி உள்ளே குருவிடம் போனார்.

"என்னால முடியல சாமி. பொய்யைக் கடிச்சுக் கடிச்சு வாயே கசக்குது. இவளையும் திருப்பி அனுப்பிடவா?"

குருவான சட்டநாத சுவாமி ஒரு செம்புத் தண்ணீரோடு வெளியே வந்தார்.

"நிறும் ஓய்."

ஒரு தட்டில் ஈரநெல். மறுதட்டில் விதைநெல். முள் நேராக நின்றது. குரு செம்பை விதைநெல்லின் மேல் கவிழ்த்தார். அந்தத் தட்டு தாழ்ந்தது.

"இப்போ முள்ளு நேராகிற வரைக்கும் விதையை அள்ளி எடும்."

குப்பாண்டி கை கையாக அள்ளினார். வெள்ளையம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். முள் நேரானதும் தட்டில் மிச்சமிருந்த விதையை அவள் சாக்கில் கொட்டச் சொன்னார் குரு.

"விதை ஊற ஆரம்பிச்சாச்சு தாயி. வழியில நின்னு பேசாம நேரே நாற்றங்காலுக்குப் போ."

அவள் கும்பிட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

குப்பாண்டி தராசுக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டார்.

"நெல்லுக்கு நெல்லு, தண்ணிக்குத் தண்ணி. சரி சாமி. ஆனா, நம்மளை ஏமாத்தணும்னு நினைச்சாளே, அதை எந்தத் தட்டுல வைக்கிறது?"

"அதை நிறுக்கிற கல்லு நம்ம மடத்துல இல்ல ஓய். இருந்திருந்தா, முதல்ல உம்மையும் என்னையும்தானே தட்டுல ஏத்தியிருப்பாங்க."