பூவரசி சொந்தமாப் பண்ணின தப்பு

ஒரு ஊர்ல ஒரு டீச்சரம்மா இருந்தாங்க. பேரு லூர்துமேரி. ஊரு எதுன்னு கேக்குறியா? கடலோரம்டா கண்ணு. ஜன்னலத் திறந்தா ஹோ...ன்னு அலைச்சத்தம், கூடவே கும்முனு கருவாட்டு வாடை. அந்த ஊரு. கால நீட்டிப் படு. ம் கொட்டணும், தெரியுதா? ம் கொட்டாத பிள்ளைக்கு நான் கதை சொல்றதில்ல.

“ம்.”

ஆங். அந்த லூர்து டீச்சர் மூணாங்கிளாஸ் டீச்சர். நல்லவங்கதான். கையில குச்சி உண்டு, ஆனா அது கரும்பலகையத் தட்டத்தான். அந்தக் கிளாஸ்ல பூவரசின்னு ஒரு பொண்ணு. இத்தினியூண்டு இருப்பா, ரெட்டைப் பின்னல். டீச்சர் கணக்க எழுதி முடிச்சுத் திரும்புறதுக்குள்ள, டக்குனு சிலேட்டக் கவுத்து வச்சிடுவா. போட்டு முடிச்சாச்சுன்னு அர்த்தம். மத்த பிள்ளைங்க எல்லாம் அப்பத்தான் பல்பத்தத் தேடிக்கிட்டு இருக்கும்.

டீச்சர் என்ன பண்ணுவாங்க பாவம், கிளாஸ் நிறையப் பிள்ளைங்க. “முடிச்சிட்டியாடி? அப்போ இன்னும் கொஞ்சம் போடு”ன்னாங்க. அதே மாதிரி கணக்கு, சிலேட்டு ரெண்டு பக்கமும். பூவரசி டக்டக்குனு போட்டுட்டா. அப்புறம் “முடிச்சிட்டியா? அப்போ போய்ப் பானைக்குத் தண்ணி எடுத்துட்டு வா”ன்னாங்க. குடுகுடுன்னு ஓடிப் போய் எடுத்துட்டு வந்தா. அப்புறம் ஒரு நாள், “உனக்கு இங்க வேலை இல்ல, நீ அஞ்சாங்கிளாஸ்ல போய் உக்காரு”ன்னு கையப் பிடிச்சுக் கொண்டு போய் விட்டுட்டாங்க.

பாத்தியா? வேலை செய்யிற மாட்டு மேலதான் இன்னொரு மூட்டைய ஏத்துவாங்க. விளையும் பயிர் முளையிலேயே தெரியும்னு பெருசா சொல்லுவாங்க. தெரிஞ்சு என்ன பிரயோஜனம், அந்த முளை மேலயே ஏறி மிதிச்சா?

அஞ்சாங்கிளாஸ்ல எல்லாம் பெரிய பெரிய பிள்ளைங்க. “அய்யே, அதிசயப் பிறவி வந்துட்டா”ன்னு பின்னலப் பிடிச்சு இழுக்கும். பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் கிடையாது. பூவரசிக்கு ஒரே ஒரு கூட்டாளிதான், பேரு அஞ்சலை. அவ மூணாங்கிளாஸ்லயே இருக்கா. அஞ்சலைக்குக் கணக்குன்னாலே வேப்பங்காய். ஆனா கடல்ல எது நெளிஞ்சாலும் அது என்னான்னு சொல்லுவா. அவளோட ஒட்டி உக்காந்தாத்தான் பூவரசிக்கு மூச்சு வரும்.

அப்புறம் என்ன ஆச்சு? கொஞ்ச நாள்ல பூவரசிக்குத் திடீர்னு கணக்கு வரல!

எல்லாம் தப்பு. அஞ்சாங்கிளாஸ்ல தப்பு, அரைப் பரீட்சையில தப்பு. சரி, இவளுக்கு இங்க சரிப்படலன்னு மறுபடியும் மூணாங்கிளாஸ்லயே, அஞ்சலை பக்கத்துல உக்கார வச்சாங்க. லூர்து டீச்சருக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி. அப்பாடா, பொண்ணு இப்போ எல்லாப் பிள்ளையும் மாதிரி ஆயிட்டா, தொந்தரவு இல்லன்னு நெனச்சாங்க. அந்த நிம்மதி இருக்கு பாரு, அதுதான் தப்புலயே பெரிய தப்பு. தூங்கிட்டியா?

“இல்ல.”

இல்லன்னா ம்னு சொல்லு.

“ம்.”

ஒரு நாள் ஹெட்மாஸ்டர் சார் கிளாஸுக்கு வந்தாரு. சிலேட்ட எல்லாம் வரிசையா வாங்கிப் பாத்தாரு. மூக்குக் கண்ணாடிய ஏத்தினாரு, இறக்கினாரு. பூவரசி சிலேட்டும் அஞ்சலை சிலேட்டும் ஒண்ணு போல இருக்கு. சரி ஒண்ணு போல இருந்தாப் பரவாயில்ல. தப்பு ஒண்ணு போல இருக்கு! முதல் கணக்குல அதே தப்பு, நாலாவது கணக்குல அதே தப்பு.

“காப்பி!”ன்னாரு. பல்லி மாதிரி ரெண்டு பிள்ளையும் சுவரோட ஒட்டிக்கிச்சு. “நாளைக்கு ரெண்டு பேர் வீட்லயும் ஆள் வரணும்”னாரு.

அஞ்சலைக்குக் கண்ணுல பொலபொலன்னு தண்ணி. ஏன்னா அவ அம்மா ஏற்கெனவே சொல்லி வச்சிருக்காங்க, “பள்ளிக்கூடத்துலருந்து இன்னொரு தடவை கூப்பிட்டாங்கன்னா, கருவாடு காயப்போட என்கூட வந்துடு. படிச்சது போதும்”னு. டீச்சருக்கும் அது தெரியும். “சார், நான் விசாரிச்சு உண்மையக் கண்டுபிடிக்கிறேன். அது வரைக்கும் ஆள் அனுப்பாதீங்க”ன்னு கேட்டுக்கிட்டாங்க. சார் உம்முனு மூஞ்ச வச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

அப்போ டீச்சர் என்ன பண்ணாங்க? பூவரசிய இந்த மூலையில உக்கார வச்சாங்க, அஞ்சலைய அந்த மூலையில. முதுக முதுகு பாக்க. கணக்குக் குடுத்தாங்க. கீச்சுகீச்சுன்னு பல்பம் ஓடுது. வாங்கிப் பாத்தா அதே தப்பு, அதே இடத்துல!

இருமிச் செருமி ஏதோ சைகை காட்டுறாளுங்கன்னு டீச்சருக்குச் சந்தேகம். மறுநாள் பூவரசி கிளாஸுக்குள்ள, அஞ்சலை வெளிய புன்னை மரத்தடியில. நடுவுல கல்லுச் சுவரு. இருமுறது என்ன, கத்தினாலும் அலைச்சத்தத்துல கேக்காது. கீச்சுகீச்சு. வாங்கிப் பாத்தா?

“அதே தப்பு!”

அதே தப்பு! டீச்சருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. இது என்ன மாயமா மந்திரமான்னு சிலுவை போட்டுக்கிட்டாங்க.

மூணாவது நாள் அஞ்சலையே வரல. அவ அத்தை வீட்டுல ஏதோ விசேஷம், காலையிலயே குடும்பத்தோட பஸ் ஏறிட்டா. டீச்சர் யோசிச்சாங்க. இதுதான் சமயம்னு பூவரசியக் கூப்பிட்டு, “அஞ்சலை சாயங்காலம் பஸ்ல வருவா. வந்த உடனே இதே கணக்கத்தான் அவளுக்கும் குடுப்பேன். நீ இப்பவே போடு”ன்னாங்க.

பூவரசி எப்பவும் டக்குனு போடுறவ, அன்னைக்கு உடனே போடல. கண்ண மூடிக்கிட்டா. உதடு முணுமுணுங்குது. அப்புறம் மெதுவா எழுதினா. எழுதி, ஒண்ண அழிச்சுட்டு, மறுபடி எழுதினா. டீச்சர் அந்தச் சிலேட்ட பீரோவுல வச்சுப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டாங்க. பூவரசிய எங்கயும் போக விடல, கிளாஸ்லயே உக்கார வச்சுட்டாங்க.

சாயங்காலம் பள்ளிக்கூடத்து வாசல்ல பஸ் வந்து நின்னுச்சு. பாம் பாம்! அஞ்சலை பாவாடை சட்டையில, தலை நிறையப் பூவோட இறங்குறா. இறங்கின பிள்ளைய அப்படியே கையப் பிடிச்சு, பள்ளிக்கூட வாசப்படியில உக்கார வச்சு, “இந்தாடி சிலேட்டு, போடு”ன்னாங்க டீச்சர். அது திருதிருன்னு முழிச்சுக்கிட்டே போட்டுச்சு.

டீச்சர் பீரோவத் திறந்தாங்க. ரெண்டு சிலேட்டையும் பக்கத்துப் பக்கத்துல வச்சாங்க.

முதல் கணக்கு தப்பு. ரெண்டுலயும் அதே தப்பு. ரெண்டாவது சரி, மூணாவது சரி. நாலாவது கணக்கு இருக்குல்ல, தினம் தினம் ரெண்டு பேரும் தப்பாப் போடுறது? அது இன்னைக்கு சரி. ரெண்டு சிலேட்டுலயும் சரி!

காப்பியடிக்க ஆளே இல்லாதப்போ, இன்னும் எழுதாத சிலேட்டப் பாத்து ஒரு பிள்ளை எப்படி எழுத முடியும்? டீச்சர் தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க, பூவரசி உயரத்துக்கு. “எப்படிடி கண்ணு?”ன்னாங்க. அதட்டல, மிரட்டல. நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டாங்க. அந்தப் பிள்ளைகிட்ட அப்படி யாரும் அது வரைக்கும் கேட்டதே இல்ல.

பூவரசி சொல்றா: “முதல் கணக்குல எட்டு வருதுல்ல? எட்டாம் வாய்ப்பாடு படிச்ச அன்னைக்குத்தான் டீச்சர், அஞ்சலை வீட்ல பாப்பா பிறந்துச்சு. அதுலருந்து எட்டு வந்தாலே அவளுக்குப் பாப்பா ஞாபகம். விடையில ஒண்ணு கூடிடும்.”

“நாலாவது கணக்கு?”

“அது வர்றப்போதான் சத்துணவு சாம்பார் வாசனை வரும். காலையில அவ ஒண்ணும் சாப்பிட்டு வர மாட்டா. கபகபன்னு பசிக்கும். என்ன கணக்கா இருந்தாலும் பத்துன்னு போட்டுட்டு சிலேட்டக் கவுத்துடுவா.”

“இன்னைக்கு மட்டும் சரியாப் போட்டாளே?”

“அத்தை வீட்ல விருந்துல்ல டீச்சர்? வயிறு நிறைஞ்சிருக்கும். நான் முதல்ல பத்துன்னுதான் எழுதினேன். அப்புறம்தான் விருந்து ஞாபகம் வந்துச்சு. அழிச்சிட்டேன்.”

அம்மாடி! எனக்கே சொல்லும்போது புல்லரிக்குது பாரு, தொட்டுப் பாரு கைய. வருஷக்கணக்கா வாத்தியார் வேலை பாத்த டீச்சருக்கு, அஞ்சலைக்குக் கணக்கு வராதுன்னு மட்டும்தான் தெரியும். ஏன் வரலன்னு தெரியாது. இந்தப் பொடிசு, இன்னொரு பிள்ளையோட மனசுக்குள்ள போய், எந்த இடத்துல கால் தடுக்கும்னு பாத்து வச்சிருக்கு.

அப்புறம் டீச்சர் கேட்டாங்க, “அவ மாதிரியே ஏண்டி தப்பாப் போடுற?”

“சரியாப் போட்டா அதையே இன்னும் போடச் சொல்லுவீங்க. தண்ணி எடுக்கச் சொல்லுவீங்க. அஞ்சாங்கிளாஸ்ல விட்டுடுவீங்க, அங்க அஞ்சலை இல்ல.” தலையக் குனிஞ்சுக்கிட்டா. “அதோட சரியாப் போடுறது சும்மா வந்துடுது டீச்சர். அஞ்சலை மாதிரி தப்பாப் போடுறதுதான் கஷ்டம். இந்தப் பள்ளிக்கூடத்துல எனக்குக் கஷ்டமா இருக்கிறது அது ஒண்ணுதான்.”

பசிச்ச பிள்ளைக்குத் தட்டு தட்டா வெறும் தண்ணிய ஊத்திட்டு, சாப்பாடு போட்டதா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கோமேன்னு டீச்சர் அழுதுட்டாங்க. பெரியவங்க அழுதா அழகா இருக்காது, மூக்கு ஒழுகும். இருந்தாலும் அழுதாங்க.

அழுது முடிச்சு முந்தானையில மூக்கத் துடைச்சுட்டு, நேரா ஹெட்மாஸ்டர் சார்கிட்ட போய், “காப்பி இல்ல சார். ரெண்டு பேருக்கும் நான் பொறுப்பு. யார் வீட்டுக்கும் ஆள் போகக் கூடாது”ன்னாங்க. டீச்சர் மூஞ்சியப் பாத்துட்டு சார் சரின்னு தலையாட்டினாரு. அப்புறம் வெளிய வந்து, “வாங்கடி ரெண்டு பேரும்”னு கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

தண்ணி உள்வாங்கிக் கிடக்குற நேரம். ஈர மணல் பளபளன்னு கிடக்கு. அதுல சின்னச் சின்ன வளை. ஒவ்வொரு வளையச் சுத்தியும் கடுகு கடுகா மணல் உருண்டை, வரிசை வரிசையா, கோலம் போட்ட மாதிரி. எல்லாம் சுண்டுவிரல் நகம் அளவு நண்டு பண்ற வேலை.

“பூவரசி, அஞ்சலை மனசு உனக்குத் தெரியும். இந்த நண்டு அடுத்த உருண்டைய எங்க வைக்கும், சொல்லு பாப்போம்.”

பூவரசி குனிஞ்சா. நண்டெல்லாம் விசுக்குனு உள்ள போயிடுச்சு. “லூசு, நிழல் விழுதுல்ல? இந்தப் பக்கம் வா. அசையாம குந்து. மூச்சக்கூட மெதுவா விடு”ன்னா அஞ்சலை. கடல் விஷயத்துல அவ வச்சதுதான் சட்டம். மூணு பேரும் கல்லு மாதிரி குந்தினாங்க.

அப்போ ஒரு நண்டு எட்டிப் பாத்துச்சு. சரசரன்னு வெளிய வந்துச்சு. ஒரு உருண்டை வச்சுது, இன்னொண்ணு வச்சுது.

“அடுத்தது இங்க”ன்னா பூவரசி. நண்டு அங்க வச்சுது.

“அப்போ அடுத்தது அங்க.” நண்டு அப்படியே திரும்பி வேற பக்கம் போய்ப் புது வரிசை ஆரம்பிச்சுது.

பூவரசி கண்ண மூடினா. உதடு முணுமுணுங்குது. ரொம்ப நேரம் யோசிச்சா. “இப்போ வளைக்குள்ள போகும். போனா இன்னைக்கு வராது.” நண்டு உள்ள போச்சு. போன வேகத்துல வந்துச்சு. பூவரசி கால் கட்டைவிரல் பக்கத்துல வந்து, பொட்டுனு ஒரு உருண்டைய வச்சுட்டுப் போச்சு!

“தப்பு! நீ தப்பு!”ன்னு அஞ்சலை கைகொட்டிச் சிரிக்கிறா. பூவரசி அந்த உருண்டையவே பாத்துக்கிட்டு இருக்கா. அப்புறம் டீச்சர நிமிந்து பாத்தா. அந்தக் கண்ணு ரெண்டும் அவ்வளவு பெருசா விரிஞ்சிருக்கு. டீச்சர் தன் ஆயுசுல எந்தப் பிள்ளை மூஞ்சியிலயும் அப்படி ஒரு வெளிச்சத்தப் பாத்ததில்ல.

“நான் தப்பு டீச்சர்!”னு கத்தினா. பரிசு வாங்கின மாதிரி கத்தினா. அஞ்சலைக்காகப் பண்ணாம, அவ சொந்தமாப் பண்ணின முதல் தப்பு அதுதான்.

“ஏன் டீச்சர் அது இப்படி வைக்குது?”

டீச்சருங்க லேசுல சொல்லாத ஒண்ண லூர்து டீச்சர் சொன்னாங்க. “எனக்குத் தெரியாதுடி.”

“யாருக்குத் தெரியும்?”

“நீ கண்டுபிடிச்சா நமக்குத் தெரியும்.”

அதுக்குள்ள அலை ஏறிடுச்சு. ஹோ...ன்னு வந்து, எல்லா உருண்டையையும் சிலேட்டத் துடைக்கிற மாதிரி துடைச்சிடுச்சு. பூவரசிக்கு வருத்தமே இல்ல. “நாளைக்கு வேற போடும்”னு அஞ்சலை கையப் பிடிச்சுக்கிட்டு குதிச்சுக் குதிச்சுப் போனா.

மறுநாளிலருந்து கணக்குப் பாடம் சாப்பாட்டுக்கு அப்புறம். எட்டாம் வாய்ப்பாட்ட டீச்சர் அஞ்சலைக்குப் புதுசா, பாப்பாவ வச்சே சொல்லிக் குடுத்தாங்க. பூவரசி கணக்கெல்லாம் சரி. போட்டு முடிச்சுட்டு ஜன்னல் வழியா கடலப் பாத்துக்கிட்டு இருப்பா. ஒருத்தரும் அவளத் தண்ணிக்கு அனுப்பல. பொய்யாத் தப்புப் பண்ண அவளுக்கு இப்போ நேரமே இல்ல. நெசமாத் தப்புப் பண்ணவே நாள் பத்தல.

“அந்த நண்டு... ஏன் அப்படி வைக்குது?”

அடி சக்கை! தூங்காம அதையா யோசிக்கிற? எனக்கும் தெரியாதுடா தங்கம். நாளைக்கு நீ சொல்லு, நான் ம் கொட்டுறேன். நண்டு வளைக்குள்ள போயாச்சு, அலை வந்து அழிச்சாச்சு, நம்ம கதையும் கரை சேந்தாச்சு. கண்ண மூடு.