மயிலை பால் அடக்கிக்கொண்டது

"மாட்டை அவன் கெடுத்துட்டான்மா. எனக்குப் பால் விட மாட்டேங்குது."

வெறும் செம்பைக் கவிழ்த்துக் காட்டிக்கொண்டு நின்றான் சடையப்பன். கீரை உருவிக்கொண்டிருந்த சாமியாரம்மா செம்பைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், திரும்பக் கீரைக்கே போய்விட்டார்.

மலையடிவாரத்தில் ஒரு மடம். மடம் என்று பேர்தான். ஒரு குகை, அதையொட்டி இரண்டு கூரை, ஒரு தொழுவம். இருந்ததும் மூன்றே பேர். குருவான சாமியாரம்மா, கிட்டத்தட்ட அவர் வயசே ஆன சீடன் சடையப்பன், அப்புறம் புதிதாக வந்து சேர்ந்த வீரபாகு.

சடையப்பனுக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றுதான். விடியும்போது பசு மயிலையைக் கறந்து, நுரை அடங்குவதற்குள் செம்பைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுக்க வேண்டும். அவர் இரண்டு கையாலும் வாங்கி, சாமிக்குக் காட்டிவிட்டு, ஒரு மடக்குக் குடிப்பார். அதற்காகத்தான் மனுசன் வீடு வாசலை விட்டு வந்தானோ என்னவோ, நமக்கெதுக்கு அந்த வம்பு!

வீரபாகு பங்குனியில் வந்தான். ஒரு வேலை உருப்படியாகத் தெரியாது. கஞ்சி காய்ச்சச் சொன்னால் அடிப்பிடிக்க விடுவான். ஆனால் நல்ல குரல் இருந்தது, வாயும் இருந்தது. ஒருநாள் அவன் என்னமோ சொல்ல, அம்மா வாய்விட்டுச் சிரித்தார். கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்த சடையப்பனுக்கு அது கேட்டது. இத்தனை வருசத்தில் அவன் பேச்சுக்கு அம்மா அப்படிச் சிரித்ததில்லை.

அன்றைக்குப் பிடித்தது பொறாமை. படுத்தால் தூக்கம் வரவில்லை. வீரபாகு தூரத்தில் வந்தாலே இவனுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்த ஆளோ, ஒன்றும் தெரியாமல், "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பான். அதைக் கேட்டால் இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் மயிலையும் மாறிப்போனது. கன்றை ஊட்டவிட்டுப் பிரித்துக் கட்டிவிட்டு இவன் உட்காருவான். கை பட்டதும் துள்ளும். இரண்டு பீய்ச்சு வரும், அவ்வளவுதான், பாலை மேலே இழுத்துக்கொள்ளும். இடையில் இவனுக்குக் காய்ச்சல் வந்து, ஒருநாள் வீரபாகு கறக்கப் போனான். செம்பு வழிய வழியக் கொண்டு வந்தான்.

வசியம்தான், வேறென்ன! சடையப்பன் மாட்டின் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினான். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டான். தவிட்டைக் கூட்டிக் கலந்தான். மயிலை தவிட்டைத் தின்றது, பால் மட்டும் விடவில்லை. பால் நின்றால் மாடு வற்றிப்போகும், அதற்கப்புறம் அம்மா முன்னால் எதைக் கொண்டுபோய் நீட்டுவது? அந்தப் பயத்தில்தான் வந்து முறையிட்டான்.

கீரையை உருவி முடித்துவிட்டு அம்மா சொன்னார்.

"அவனைக் கீழூருக்கு அனுப்புறேன். அவன் வர்ற வரைக்கும் தொழுவத்துப் பக்கம் உன்னைத் தவிர யாரும் வேண்டாம்."

சடையப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீரபாகு அன்று மத்தியானமே உப்பும் எண்ணெயும் வாங்கிவரக் கிளம்பினான். வெயிலாக இருக்கிறதே என்று அம்மா தம் குடையை எடுத்து அவனிடம் கொடுத்தார்.

கொடுத்தாரா? போச்சு.

மறுநாள் விடியலில் மயிலையின் பக்கத்தில் குந்தியவனுக்குக் கண் முன்னால் மாடு இல்லை, குடைதான் இருந்தது. நான் எத்தனை கோடையில் கீழூருக்கு நடந்திருக்கிறேன், எனக்கு யார் குடை கொடுத்தார்கள்? அவன் இப்போது அங்கே யார் வீட்டில் உட்கார்ந்து பாடுகிறானோ? நினைத்துக்கொண்டே காம்பைப் பிடித்தான். மயிலை விட்டது ஒரு உதை. செம்பு உருண்டு சாணத்தில் போய் விழுந்தது.

கையில் அகப்பட்ட கயிற்றை எடுத்து விளாசிவிட்டான். தன் கையால் வளர்த்த மாட்டை. கன்று மிரண்டு கத்தியது. அடித்த கையைப் பார்த்து இவனுக்கே வெட்கமாகிவிட்டது. நிமிர்ந்தால், தொழுவத்து வாசலில் அம்மா நிற்கிறார்.

"வீரபாகு வந்ததும் அவனே கறக்கட்டும்," என்றார்.

சடையப்பன் அப்படியே சாணத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு வேற என்னம்மா இருக்கு?"

கிடந்த வைக்கோலைத் தள்ளிவிட்டு அம்மாவும் தரையில் உட்கார்ந்தார். மயிலை பிறந்த கதையைக் கேட்டார். இதென்ன இப்போது என்று அவன் முழித்தான். அவர் விடவில்லை. சொன்னான். ஐப்பசி மழை, தாய்ப்பசு ராத்திரி முழுக்க முக்கியது, ஒற்றைக் கால் மட்டும் முன்னால் வந்தது, இவன் கையை விட்டு மற்ற காலை நேராக்கி இழுத்தது, தன் வேட்டியாலேயே துடைத்தது. எழுந்து நிற்கப் பார்த்து இவன் மடியிலேயே விழுந்ததாம் கன்று. சொல்லச் சொல்ல அவன் முகம் தெளிந்தது. சிரிக்கக்கூடச் செய்தான்.

"துண்டை விலக்கு. உன் வயித்து மேல கையை வை."

வைத்தான்.

"எப்படி இருக்கு?"

"கை வச்ச மாதிரி இருக்கு."

கையை எடுக்கச் சொல்லிவிட்டு அம்மா வீரபாகுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவசரமே இல்லாமல் பேசினார். என்ன குரல் அது, குருபூசைக்கு இந்த வருசம் அவன்தான் பாட வேண்டும் என்றார். குடையை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்றார். அவனைக் குகைக்குள் தாம் பாடம் சொல்லும் இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார வைக்கப்போவதாகச் சொன்னார். அன்றைக்கு அவன் கறந்து வந்த பாலில் ஒரு தனி ருசி இருந்தது என்றார்.

சடையப்பன் "ம்" கொட்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"இப்ப வை."

வைத்தான்.

தூக்கிவாரிப்போட்டது. வயிறு தானாக உள்ளே இழுத்துக்கொள்ள, கையை உதறிக்கொண்டு எழுந்தே விட்டான். விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தான். நுனிவரைக்கும் சில்லிட்டுக் கிடந்தன.

அம்மா உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"உதைக்கணும்போல இருந்ததா?"